நவம்பர் 9 பட்டியலைப் பற்றி

அன்பு மகளுக்கு,

சனிக்கிழமைத் தமிழ் வகுப்புக்காக நீ தயாரித்த, ஜெர்மன் வரலாற்றில் நவம்பர் 9-இல் நடந்தவற்றின் பட்டியலைப் படித்தேன். முதலில் அந்தத் தலைப்பை எடுத்துவிடு அம்மா. ‘விதி நாள்’ என்று ஜெர்மானியர்களே சொல்வதுண்டு, ஆனாலும் தமிழில் அப்படி எழுதினால் பிள்ளைகளுக்கு ஜோசியம்தான் நினைவுக்கு வரும். உன் பட்டியலில் சில நிகழ்வுகள் தற்செயலாக அந்தத் தேதியில் விழுந்தவை, சில ஒன்றையொன்று இழுத்து வந்தவை. ஆண்டு வரிசையில் அடுக்கியதில் இரண்டும் கலந்துவிட்டன.

தற்செயலானவற்றை ஓரமாகச் சிறிய எழுத்தில் போடு. 1848-இல் வியன்னாவின் பிரிகிட்டனாவில் ஜனநாயகவாதி ராபர்ட் புளூம் சுட்டுக் கொல்லப்பட்டார். ஃபிராங்க்ஃபர்ட் நாடாளுமன்ற உறுப்பினர் என்ற பாதுகாப்பு அவருக்கு உதவவில்லை. மறுநாள் அவருக்கு 41 வயது நிறைந்திருக்கும். 1914-இல் அதே வியன்னாவில் ஹெடி லமார் பிறந்தார். நடிகை, அதிர்வெண் தாவும் ரேடியோ முறைக்குக் காப்புரிமை பெற்றவர்களில் ஒருவர். ஐன்ஸ்டைன் வரியில் ஒரு திருத்தம்: 1921-ஆம் ஆண்டுக்கான நோபல் பரிசு அவருக்கு என்று முடிவானது 1922 நவம்பர் 9. ஒளிமின் விளைவின் விதிக்காகக் கொடுத்தார்கள். ‘சார்பியலுக்காக’ என்று எழுதியிருக்கிறாய், அடித்துவிடு.

சங்கிலி 1918-இல் தொடங்குகிறது. ‘கைசர் (ஜெர்மன் பேரரசர் வில்ஹெல்ம்) முடிதுறந்தார்’ என்ற உன் வரி பாதிதான் சரி. அன்று நண்பகல் வாக்கில் அதை அறிவித்தவர் பிரதமர் மாக்ஸ் ஃபான் பாடன். பெல்ஜியத்தில் ஸ்பா நகரில் இருந்த வில்ஹெல்ம் அதற்கு இன்னும் சம்மதிக்கவே இல்லை. ஹாலந்துக்கு ஓடிய பிறகு, நவம்பர் 28-இல்தான் கையெழுத்திட்டார். பிற்பகல் 2 மணி அளவில் சமூக ஜனநாயகக் கட்சித் தலைவர் ஷைடமான் ரைஷ்டாக் என்ற நாடாளுமன்றக் கட்டடத்திலிருந்து குடியரசை அறிவித்தார். சுமார் 4 மணிக்கு பெர்லின் அரண்மனையில் இடதுசாரிப் புரட்சியாளர் லீப்க்னெக்ட் வேறொரு குடியரசை, சோஷலிசக் குடியரசை அறிவித்தார். ஒரே நாளில் இரண்டு குடியரசு! பிள்ளைகளுக்கு இதைத்தான் விரிவாகச் சொல்ல வேண்டும். ஆஸ்திரியாவை இதில் சேர்க்காதே, அங்கே குடியரசு நவம்பர் 12.

அந்தக் குடியரசை நிறுவியவர்களை ‘நவம்பர் குற்றவாளிகள்’ என்று திட்டித்தான் ஹிட்லர் கூட்டம் சேர்த்தார். அதன் ஐந்தாம் ஆண்டு நிறைவுக்கு முந்தைய மாலை, 1923 நவம்பர் 8-இல், மியூனிக் பீர் மண்டபத்தில் ஆட்சியைப் பிடிக்க அவர் நடத்திய கலகம் தொடங்கியது. 9-ஆம் தேதி ஃபெல்ட்ஹெர்ன்ஹாலே என்ற நினைவு மண்டபத்தருகே போலீஸ் சுட்டதும் முடிந்தது. நான்கு போலீஸ்காரர்களும் செத்தார்கள், அவர்களை விட்டுவிடாதே.

ஆட்சிக்கு வந்தபின் நாஜிகள் அந்தத் தோல்வியையே ஆண்டுதோறும் விழாவாக்கினார்கள். 1938-இல் அந்த விழாவுக்காகத் தலைவர்கள் மியூனிக்கில் கூடியிருந்தார்கள். பாரிஸில் சுடப்பட்ட ஜெர்மன் தூதரக அதிகாரி ஃபோம் ராட் இறந்த செய்தி அன்று மாலை அங்கே வந்தது. பிரச்சார அமைச்சர் கோயபல்ஸ் பேசினார், அங்கிருந்தே மாவட்டங்களுக்கு யூதர்களைத் தாக்கும்படி தொலைபேசியில் உத்தரவு பறந்தது. தேதி ஏன் 9 என்று பிள்ளைகள் கேட்டால் பதில் இதுதான். யூத வழிபாட்டு இல்லங்கள் நூற்றுக்கணக்கில் எரிந்தன, ஏறக்குறைய 30,000 யூத ஆண்கள் வதைமுகாம்களுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். கொல்லப்பட்டவர்கள் 91 என்பது நாஜிகளின் கணக்கு, உண்மை எண்ணிக்கை அதைவிட மிக அதிகம். ‘கண்ணாடி இரவு’ என்று எழுதாதே. உடைந்தது கண்ணாடி மட்டும்தான் என்பது போல் இருக்கிறது. ஜெர்மனியில் இப்போது ‘போக்ரோம் (யூதர்கள் மீதான கும்பல் தாக்குதல்) இரவு’ என்கிறார்கள்.

பெர்லின் சுவர் திறந்த 1989 மறுபடியும் தற்செயல். கிழக்கு ஜெர்மனியின் புதிய பயண விதியை மறுநாள் காலையில் அறிவிப்பதாகத்தான் திட்டம். அது தெரியாத ஷபோவ்ஸ்கி, அந்த அரசின் சார்பில் பேசியவர், மாலை 7 மணியை நெருங்கும்போது, எப்போதிலிருந்து என்று கேட்ட நிருபர்களிடம் ‘உடனடியாக’ என்றார். இரவு 11.30 வாக்கில் சுவரில் இருந்த போர்ன்ஹோல்மர் தெருக் கடவையைத் திறந்துவிட்டார்கள். ‘சுவரை இடித்தார்கள்’ என்று நீ எழுதியது தவறு. அரசு முறைப்படி இடிக்கத் தொடங்கியது 1990 ஜூனில். ஜெர்மனியின் தேசிய விடுமுறை நவம்பர் 9 ஆகாமல் அக்டோபர் 3 ஆனதற்கு 1938-இன் நிழலும் ஒரு காரணம்.

அடுத்த மாதங்களுக்கும் பட்டியல் போடுவதாக இருந்தால் பழைய பிறந்தநாள்களில் காலண்டரைப் பார். ஜெர்மனியின் கத்தோலிக்கப் பகுதிகள் பெரும்பாலும் 1583-லேயே புதிய (கிரிகோரியன்) காலண்டருக்கு மாறிவிட்டன. புராட்டஸ்டண்ட் பகுதிகள் 1700 வரை இழுத்தன. அங்கே பிப்ரவரி 18-க்கு அடுத்த நாள் மார்ச் 1. அதனால்தான் இசையமைப்பாளர் பாக் பிறந்தது பழைய கணக்கில் 1685 மார்ச் 21, புதிய கணக்கில் மார்ச் 31. ஒரே பட்டியலில் இரண்டு கணக்கையும் கலக்காதே. பீத்தோவனுக்கு 1770 டிசம்பர் 17 என்று போட்டால் ‘ஞானஸ்நானம்’ என்று எழுது, பிறந்த தேதிக்குப் பதிவு இல்லை.

9-ஆம் தேதி உங்கள் தெருவிலும் நாஜிகளுக்குப் பலியானவர்களின் பெயரோடு நடைபாதையில் பதித்த பித்தளை நினைவுக்கற்களைத் துடைப்பார்கள். பிள்ளைகளை அழைத்துப் போனால் உலோகப் பாலிஷும் மெல்லிய துணியும் எடுத்துக்கொள். கம்பி பிரஷ் வேண்டாம், கீறல் விழுந்துவிடும். பாலிஷைத் தடவி, கொஞ்சம் ஊறவிட்டு, பெயர் தெளிவாகத் தெரியும்வரை தேய்க்கச் சொல்.

அன்புடன்,
அப்பா