நோனினோவுக்கு விடை

அன்பு மகளுக்கு,

இங்கே எல்லோரும் நலம். ஒரு வார்த்தைகூட இல்லாத டாங்கோ என்ற அந்த அர்ஜென்டினா நடன இசையை அப்படி என்னதான் கேட்கிறீர்கள் என்று தொலைபேசியில் கேட்டாய். அம்மா புகார் சொல்லியிருக்கிறாள் போலும். பேச்சில் சொன்னால் பாதியிலேயே வேறு கதைக்குத் தாவிவிடுவாய். அதனால் எழுதுகிறேன்.

நான் கேட்பது பெரும்பாலும் ஒன்றைத்தான். அர்ஜென்டினாவின் ஆஸ்டர் பியாசொல்லா அமைத்த 'அடியோஸ் நோனினோ', அதாவது 'போய் வா, நோனினோ'. நோனினோ என்பது அவருடைய அப்பா விசென்டேவுக்கு வீட்டில் வழங்கிய பெயர். நியூயார்க்கில் முடிதிருத்தும் வேலை பார்த்த அவர்தான், சிறுவனாக இருந்த மகனுக்கு அடகுக்கடையிலிருந்து பாண்டோனியோன் என்ற துருத்தி வாத்தியம் ஒன்றை வாங்கிக்கொடுத்தார். மகன் வளர்ந்து, 1954இல் பாரிஸில் படிக்கும்போது அப்பா பெயரில் 'நோனினோ' என்று துள்ளலான ஒரு டாங்கோ அமைத்தார். 1959இல் புவேர்ட்டோ ரிக்கோவில் நிகழ்ச்சிக்குப் போயிருந்த இடத்தில் அப்பா இறந்த செய்தி வந்தது. நியூயார்க் திரும்பியதும், தன்னைத் தனியே விடச் சொல்லிவிட்டு உட்கார்ந்தார். பழைய 'நோனினோ'வின் தாளப் பகுதியை வைத்துக்கொண்டு, நீண்டு புலம்பும் ஒரு மெட்டைப் புதிதாகச் சேர்த்தார்.

ஆக, அப்பா இருந்தபோது பிறந்த இசையும் போன பிறகு பிறந்த இசையும் அடுத்தடுத்து நிற்கின்றன. புலம்பலைக்கூட நான் தாங்கிக்கொள்வேன். அதற்குப் பிறகு அந்தப் பழைய துள்ளல் தலைகாட்டும்போதுதான் என்னால் முடிவதில்லை. (உடனே என் ரத்த அழுத்தத்தை விசாரிக்காதே. மாத்திரை ஒழுங்காகப் போகிறது.)

அந்தக் கருவியையும் கவனி. பாண்டோனியோன் ஜெர்மனியில் பிறந்தது. துருத்தியின் இரு பக்கமும் பொத்தான்கள். ஒரே பொத்தான், துருத்தியை விரித்தால் ஒரு சுரம், மூடினால் வேறு சுரம். ஒரு சுரத்தை நீட்ட வேண்டுமானால் உள்ளே காற்று மிச்சம் இருக்க வேண்டும். நல்ல பதிவில் காற்று இழுபடுவதும் பொத்தான்கள் தட்டுப்படுவதும்கூடக் கேட்கும்.

2002 பிப்ரவரியில் நெதர்லாந்து இளவரசரின் திருமணத்தில் இந்த 'அடியோஸ் நோனினோ'வை வாசித்தார்கள். மணமகள் மாக்ஸிமா அர்ஜென்டினாப் பெண். அவருடைய அப்பா அந்த நாட்டு ராணுவ ஆட்சியில் அமைச்சராக இருந்தவர் என்பதால் அங்கே வரவில்லை. காரெல் க்ராயன்ஹோஃப் பாண்டோனியோன் வாசிக்க வாசிக்க மணமகள் கண்ணீரைத் துடைத்துக்கொண்டதைத் தொலைக்காட்சியில் ஊரே பார்த்தது. அந்த மனிதரின் அரசியலுக்கு நான் வக்காலத்து வாங்க மாட்டேன். ஆனால் அந்த மேடையில் அவரைப் பற்றி யாராவது ஒரு வரி பேசியிருந்தால் பெரிய விவகாரமாகியிருக்கும். வாத்தியத்தை யார் என்ன சொல்ல முடியும்? பின்னாளில் இதற்குப் பாடல் வரிகளும் எழுதினார்கள். எனக்கு அவை தேவைப்படவில்லை.

முதலில் பியாசொல்லாவின் ஐவர் குழு செய்த 1969 பதிவைக் கேள். தாந்தே அமிகாரெல்லியின் பியானோ வெகுநேரம் தனியாகவே போகும். பொறுமையிழந்து தள்ளிவிடாதே. அந்தோனியோ அக்ரியின் வயலினைப் பற்றி நீ என்ன நினைக்கிறாய் என்று ஞாயிற்றுக்கிழமை பேசும்போது சொல்.

அன்புடன்,
அப்பா