தடியை மெஷின் மேல போடாதீங்க, உருட்டி ஏத்துங்க

ஆசிரியர் அய்யாவுக்கு வணக்கம்,

நான் ஆலங்குடி பக்கம் தோட்டம் தோட்டமா போயி மரம் அறுத்துக் குடுக்கறவன். 2018 நவம்பர் 16 விடியகாலைல கஜா புயல் அடிச்சப்ப எங்க பக்கம் தென்னை, மா, பலான்னு சாஞ்சு கெடந்த மரத்தை, மரம் வாங்கி விக்கற டிப்போவுக்கு ஏத்திட்டுப் போற வண்டி வாடகைக்கே கட்டுபடியாகாம நல்ல நல்ல தடியெல்லாம், அதாவது உருண்டையான அடிமரமெல்லாம், விறகு விலைக்குப் போச்சு, அதைப் பாத்துட்டுதான் கடன உடன வாங்கி, மரம் கெடக்கற எடத்துக்கே இழுத்துட்டுப் போற ரம்ப மெஷின் வாங்கினேன். தடி படுக்கை மேல அப்படியே கெடக்கும், ரம்பம்தான் ரெண்டு தண்டவாளத்து மேல நகந்து போயி பலகையா சீவிட்டு வரும். இப்ப எங்க ஏரியாவுல சின்னப் பசங்க நாலஞ்சு பேரு இந்த மெஷின் எறக்கிட்டாங்க. ஐப்பசி மழை வருது, காத்தடிச்சா மறுபடி மரம் விழும், எல்லாரும் அவசரத்துல ஓடுவாங்க, அதான் இப்பவே எழுதறேன்.

எனக்கு நடந்தத சொல்றேன். ஒரு மாந்தடி, ரெண்டரை அடி குறுக்களவு, பத்தடி நீளம். தோட்டத்துல ஏற்கனவே பொக்லைன் வேலை நடந்துட்டு இருந்துச்சு, தோட்டக்காரரு அதுலயே தூக்கி வச்சிரலாம்பான்னு சொன்னாரு, நானும் சரின்னுட்டேன். நடுவுல ஒரே சங்கிலி போட்டு தூக்கினாங்க. பச்சை மரத்துல பட்டை வழுக்கும், சங்கிலி பட்டையோட சேந்து உருவிக்கிட்டு வந்துருச்சு, தடி ஒரு அடி உயரத்துலேருந்து மெஷின் படுக்கையில தொப்புன்னு விழுந்துச்சு. பக்கத்துல நின்ன தம்பி கால எடுத்துட்டான், சாமி புண்ணியம். பாத்தா மெஷினுக்கு ஒண்ணும் ஆன மாதிரியே தெரியல. அறுக்க ஆரம்பிச்சப்பதான் தெரியுது, பலகை ரெண்டு மொனையிலயும் ஒரு கனம், நடுவுல ஒரு கனம். நூல் பிடிச்சுப் பாத்தா தண்டவாளம் நடுவுல 3 மில்லி கீழ எறங்கிருக்கு. 3 மில்லிதானேன்னு நெனைக்கக் கூடாது, அந்தப் பலகைய ஆசாரி கையால தொடமாட்டாரு, இழைச்சே பாதி மரம் தூளாப் போயிரும். லேத்துல குடுத்து நிமித்தி மறுபடி மட்டம் பிடிச்சு ஓட்டறதுக்குள்ள ஒரு மாசம் பொழப்பு போச்சு.

அப்பறம் பாலிடெக்னிக் படிக்கற என் அக்கா மகன் கணக்கு போட்டு காட்டினான். ஒரு அடி விழுந்த பாரம் ஒரு இஞ்சுக்குள்ள நின்னுச்சுன்னா, அந்த நேரம் மெஷின் தாங்க வேண்டியது அந்த எடையப் போல 13 மடங்குன்னான். ஒரு டன்னு தடின்னா 13 டன்னு. எந்த மெஷின் தாங்கும்?

இதுல இன்னொரு விசயம், நம்ம ஆளுங்க எடையவே தப்பா போடறாங்க, நானும் அப்படித்தான் போட்டேன். டிப்போ கணக்குல சுத்தளவ நாலால வகுத்து, அத அதாலயே பெருக்கி நீளத்தால பெருக்குவோம்ல, அந்தக் கணக்குல என் தடி 38 கன அடி சொச்சம். ஆனா அது வாங்கி விக்கறதுக்கான கணக்கு, கழிவெல்லாம் தள்ளித்தான் வரும். உருண்டையா கெடக்கற தடியில உள்ளபடியே 49 கன அடி மரம் இருக்கு. பச்சை மாமரம் கன அடிக்கு 27 கிலோன்னு வச்சாலும் ஒரு டன்னுன்னு நான் நெனச்சது ஒண்ணே கால் டன்னுக்கு மேல. புளியா இருந்தா இன்னும் கூட. மெஷின் கூட வர்ற புக்குல எவ்ளோ எடை தாங்கும்னு போட்டிருப்பான், டிப்போ கணக்க வச்சு அதோட ஒப்பிட்டா ஏமாந்துதான் போவோம்.

அதனால மொத வேலை எடையக் கொறைக்கறது. வாசநிலைக்கு ஏழடி போதும்னா பதினாலடி தடிய எதுக்கு அப்படியே ஏத்தணும், கீழயே செயின் ரம்பத்துல ரெண்டாப் போட்டுருங்க. தூர் பக்கம் பொடைச்சிட்டு இருக்கறதையும் செதுக்கிருங்க, அதுதான் உருளும்போது, படுக்கையில தடிய நிறுத்தற முட்டுல மாட்டி அந்த முட்டையே வளைச்சுவிடுது. மண்ணு கல்லு ஒட்டின பட்டைய உரிச்சா ரம்பப் பல்லும் பொழைக்கும்.

மெஷின் நிக்கற எடம் ரொம்ப முக்கியம். நெறைய பேரு டயர் மேலயே நிறுத்திட்டு அறுக்கறாங்க, தப்பு. ஊன்றுகால் எல்லாத்தையும் எறக்கி, நம்ம ஊரு ஈர மண்ணுல பொதையாம அடியில கனமான பலகைத் துண்டு குடுத்து, ரசமட்டம் வச்சுப் பாக்கணும். தடி ஏறுற பக்கத்துக் கால்ல மொத்த பாரமும் ஒரு நிமிசம் ஒக்காரும், அந்தப் பக்கம் ரெண்டு கட்டை கூடவே வைங்க. ஏத்தறதுக்கு முன்னாடி ரம்பத் தலைய, அதான் ரம்பம் மாட்டிருக்கற நகர்ற பாகத்த, தண்டவாளத்து ஒரு கடைசிக்கே தள்ளிப் பூட்டிரணும், எதுத்தாப்புல தடிய நிறுத்துற முட்டு எல்லாத்தையும் தூக்கி விட்டுரணும், இத மறந்துட்டா தடி அந்தப் பக்கமா உருண்டு போயிரும்.

ஏத்தறது உருட்டித்தான். படுக்கை ரெண்டரை அடி உயரம்னா ஏழெட்டு அடி நீளத்துல ரெண்டு கனமான சட்டம் சாய்ச்சு வைங்க, குட்டையா வச்சா செங்குத்தா போயிரும். கயித்தோட ஒரு மொனைய மெஷின் அடிச்சட்டத்துல கட்டி, தடிக்கு அடியில விட்டு, மேல சுத்தி எடுத்து, அந்தப் பக்கம் தோட்டத்து மரத்துல கட்டின கை வின்ச்ல இழுத்தா பாதி பாரம்தான் கையில தெரியும், தடியும் தானா உருண்டு வரும். டிராக்டர் வச்சும் இழுக்கலாம், ஆனா கிளச்ச வெடுக்குன்னு விடறவரு வேணாம். அடிப்பக்கம் பெருசு, நுனி சிறுசுங்கறதால ஒரு சுத்துக்கு அடிப்பக்கம் கூடத் தூரம் போகும், தடி கோணிக்கும், அப்ப அடிப்பக்கத்த கடப்பாறையால நிறுத்தி வச்சுட்டு நுனிய வர விடணும். ஒவ்வொரு அடிக்கும் பின்னாடி ஆப்பு வைக்கணும். ஏறுற தடிக்கு கீழ்ப்பக்கமா யாரும் நிக்கவே கூடாது, மெஷின் போனா நிமித்திக்கலாம், கால் போனா?

வேற வழியே இல்ல, பொக்லைன்தான்னா ரெண்டு பெல்ட்டா போட்டு, படுக்கை மேல போடாம பக்கத்துல அதே உயரத்துக்கு கட்டை அடுக்கி அது மேல எறக்கச் சொல்லுங்க, அங்கேருந்து நாம உருட்டிக்கலாம். விழுந்தாலும் கட்டைதான் உடையும். டிரைவருங்கள கொற சொல்லல, மணிக்கணக்கு வாடகைல தோட்டக்காரரு சீக்கிரம் சீக்கிரம்னா அவங்க என்ன செய்வாங்க. தோட்டக்காரங்கதான் அந்த அரை மணி நேரத்த மனசு வச்சு குடுக்கணும்.

மேட்டுப்பாளையம் வனக்கல்லூரிக்கும் உங்க பேப்பர் மூலமா ஒரு வேண்டுகோள். மரம் நடச் சொல்லிக் குடுக்கறீங்க, சந்தோசம், அறுக்கறவங்களுக்கும் தடி ஏத்தறதுக்குன்னு ஒரு நாள் பயிற்சி எங்க மாவட்டத்துலயே வைங்க. மெஷினும் தடியும் நான் கொண்டாறேன்.

இப்படிக்கு,
மரம் அறுக்கும் தொழிலாளி,
ஆலங்குடி வட்டம், புதுக்கோட்டை மாவட்டம்