செயலாளர் அறிக்கை – 2024

ஜெர்மனில இருக்கற நம்ம சங்கத்து ஆளுங்க எல்லாருக்கும் வணக்கம். போன வருஷ அறிக்கை ரொம்ப நீளம்னு சில பேர் சொன்னீங்க. இந்தத் தடவை ஒரு பக்கத்துல முடிச்சுடலாம்னுதான் உக்காந்தேன், முடியல, பொறுத்துக்கோங்க.

ஜனவரில பொங்கல் கூட்டம், குழந்தைங்களையும் சேர்த்து 31 பேர். ஈஸ்டர் லீவுல சார்ப்ருக்கன்ல நடக்கற ரிவிஷன் டெமோ பார்ட்டிக்கு நாலு பேர் போய்ட்டு வந்தோம் (டெமோன்னா படமும் பாட்டும் சேர்ந்து ஓடற, திறமையைக் காட்ட எழுதற கம்ப்யூட்டர் புரோகிராம்). ஜூன்ல கிரில், மழை. செயற்குழு ஆறு தடவை கூடணும், மூணு தடவை கூடுச்சு, அதுல ஒண்ணு வாட்ஸ்அப்ல.

இனி பெட்டி விஷயம். நம்ம பொருளாளர் அண்ணனோட ஆபீஸ்ல ஒரு ஜெர்மன்காரர் வீடு மாத்தறப்ப கெல்லரை, அதாவது வீட்டுக்கு அடியில இருக்கற ரூமைக் காலி பண்ணி, வாழைப்பழ அட்டைப்பெட்டி ரெண்டு கொடுத்தாரு. உள்ள அமிகாங்கற பழைய வீட்டுக் கம்ப்யூட்டரோட 412 ஃப்ளாப்பி டிஸ்க். பள்ளிக்கூடப் பையனா இருக்கறப்ப அவர் ஒரு ஸ்வாப்பர், அதாவது தபால்ல டிஸ்க் அனுப்பி டிஸ்க் வாங்கற ஆளு. கேமோட காப்பிப் பூட்டை உடைக்கறவன் ஒருத்தன், அதுக்கு முன்னாடி ஓடற சின்ன இன்ட்ரோ எழுதறவன் ஒருத்தன், பாட்டு போடறவன் ஒருத்தன், இது எல்லாத்தையும் ஊர் ஊரா கொண்டு சேர்க்கறவன் இவரு. இன்டர்நெட் இல்லாத காலத்துல போஸ்ட்மேன்தான் நெட்வொர்க்.

சாதாரண பிசியால அமிகா டிஸ்க்கைப் படிக்க முடியாது, ஒரு டிராக்குக்கு 11 செக்டர்னு அது தனி வழியில எழுதும், அப்படித்தான் 880 கேபி வருது. அதனால பழைய ஃப்ளாப்பியை அப்படியே படிக்கற கிரீஸ்வீசல் போர்டு ஒண்ணு வாங்கினோம் (சங்கப் பணத்துல வாங்கலாம்னு போன பொதுக்குழுவுலயே ஒத்துக்கிட்டீங்க, இப்ப கேக்கறவங்க அன்னிக்கு வரல). 371 டிஸ்க் முழுசா படிச்சுது, 29 பாதி, 12 போச்சு. சனிக்கிழமை ரெண்டு மணிலருந்து ஆறு மணி வரைக்கும் வேலைன்னு போட்டிருந்தேன், எட்டு பேர் பேர் கொடுத்தீங்க. முதல் சனிக்கிழமை அஞ்சு பேர், அடுத்து ரெண்டு, அப்புறம் நானும் என் வீட்டம்மாவும், அவங்களும் டீ போட வந்தவங்க.

படிக்கறது சுலபம், வகைப்படுத்தறதுதான் வேலை. எது டெமோ, எது கேம் முன்னாடி ஒட்டின க்ராக்ட்ரோ, எது டிஸ்க் பத்திரிகை, எது வெறும் டூல்னு ஒவ்வொண்ணா ஓடவிட்டுப் பாத்தாத்தான் தெரியும். தேதியை நம்பவே முடியாது. பேட்டரி கடிகாரம் இல்லாத அமிகால நிறைய ஃபைலுக்கு 1978 ஜனவரின்னு விழுந்திருக்கு, ஏன்னா அந்த மெஷின் நாள் எண்ணறதே அங்கருந்துதான். அமிகாவே 1985லதான் வந்துச்சு. சரியான தேதி திரையில நகர்ற ஸ்க்ரோல் டெக்ஸ்ட்ல இருக்கும், எந்த பார்ட்டில முடிச்சோம், யாருக்கெல்லாம் வணக்கம்னு ஓடும், அதை வச்சு வருஷத்தைப் பிடிக்கணும். ஒரு மாட் பாட்டு ஃபைலைச் சொல்றேன், மாட்ங்கறது அமிகாவோட பாட்டு ஃபைல் வகை. அதுல 31 சாம்பிளுக்கு, அதாவது வாத்தியச் சத்தத் துண்டுக்கு, பேர் எழுத ஆளுக்கு 22 எழுத்து இடம் இருக்கும், அதுல யாரும் வாத்தியம் பேர் எழுதறதில்ல, சேர்த்துப் படிச்சா ஒரு லெட்டர். இந்தப் பையன் மறுநாள் கணக்குப் பரீட்சைன்னும், பேஸ் சத்தத்துக்கு அப்பா சுவத்தைத் தட்டறாருன்னும் 14 வரில எழுதிட்டு, மிச்சத்துல நண்பர்களுக்கு ஹலோ சொல்லிருக்கான். பாட்டு சுமார்தான். ஆனா இதை "இசை"ன்னு ஒரு ஃபோல்டர்ல போட்டு மூடிட முடியுமா?

இங்கதான் ஆகஸ்ட் மாசக் கதை. நான் மூணு வாரம் மதுரைக்குப் போயிருந்தேன். அந்த நேரத்துல நம்ம தம்பி ஒருத்தர், பேர் வேண்டாம், நல்ல எண்ணத்துலதான், ஒரு ஸ்கிரிப்ட் எழுதி ஃபைலோட கடைசி எக்ஸ்டென்ஷனை வச்சு எல்லாத்தையும் பிரிச்சு அடுக்கிட்டார். பிசில "பாட்டு.மாட்"னு இருக்கும், அமிகால "மாட்.பாட்டு"ன்னு முன்னாடி வரும். அதனால ஒவ்வொரு பாட்டுக்கும் அதோட பேர்லயே ஒரு ஃபோல்டர், உள்ள ஒரே ஒரு ஃபைல். ஒரு டெமோவோட புரோகிராம் ஒரு பக்கம், படம் ஒரு பக்கம், ரீட்மீ இன்னொரு பக்கம். தேதியை வச்சு "1978"னு வேற ஒரு ஃபோல்டர். டிஸ்க் இமேஜ், அதாவது ஒவ்வொரு டிஸ்க்கோட முழு நகல், தனியா பத்திரமா இருந்ததால ஃபைல் எதுவும் போகல, ஆனா ஒவ்வொரு ஃபோல்டர்லயும் நான் எழுதி வச்ச குறிப்பு எல்லாம் "டெக்ஸ்ட்" ஃபோல்டர்ல ஒரே பேரா இருந்து ஒண்ணு மேல ஒண்ணு எழுதி, கடைசி ஒண்ணுதான் மிச்சம். மூணு மாச வேலை. நான் சத்தம் போட்டது தப்புதான், செயற்குழுலயே சொல்லிட்டேன், இங்கயும் சொல்றேன். ஆனா "எங்க வச்சாலும் தேடினா கிடைக்கும்ல"ன்னு சொன்னது அதை விடத் தப்பு. எந்த டிஸ்க்ல எதோட சேந்து வந்துச்சுங்கறதுதான் பாதி வரலாறு.

திருட்டு சாஃப்ட்வேரை எதுக்கு சங்கம் வச்சிருக்கணும்னு ரெண்டு பேர் கேட்டீங்க. கேட்டது நியாயம். அதனால உடைச்ச கேம் எல்லாம் பூட்டின அலமாரிக்குப் போயிருக்கு, வெளிய காட்டறதில்ல. ஆனா அது மேல ஒட்டின இன்ட்ரோவை வெட்டி எடுத்துத் தனியா வைக்கறதுக்கு நான் ஒத்துக்கல, டெமோங்கற கலையே அந்த ஒட்டுலருந்துதான் வளந்துச்சு. டெமோசீனை, அதாவது இந்த டெமோ எழுதறவங்க வட்டத்தை, 2020ல ஃபின்லாந்தும், 2021ல ஜெர்மனியும் தங்களோட கலாசார மரபுப் பட்டியல்ல சேத்தாச்சு, நாம இன்னும் மூக்கைப் பொத்திக்கிட்டு நிக்கறோம்.

நிஜமான சிக்கல் வேற, லெட்டர். 60 டிஸ்க்குக்கு மேல ஸ்வாப்பர் லெட்டர் இருக்கு, நிஜப் பேர், வீட்டு அட்ரஸ், ஸ்டாம்ப் மேல பசை தடவி அனுப்பறேன், முத்திரையைக் கழுவிட்டு ஸ்டாம்பைத் திருப்பி அனுப்புன்னு எல்லாம் எழுதிருக்கு. உஷாரான பசங்க அட்ரஸுக்குப் பதிலா பேர் சொல்லாம தபாலை வாங்கிக்க போஸ்ட் ஆபீஸ்ல தர்ற கார்டோட நம்பரைப் போட்டாங்க. பயம் சும்மா இல்ல, 1990கள் ஆரம்பத்துல இந்த நாட்டுல ஒரு வக்கீல் ஆபீஸ், பொண்ணு எழுதற மாதிரி லெட்டர் போட்டு, டிஸ்க் மாத்திக்கலாமான்னு கேட்டு, பதில் போட்ட பசங்களுக்கு நோட்டீஸ் விட்டுச்சு. அந்தப் பசங்க இப்ப ஐம்பது வயசு அப்பாக்கள். அதனால லெட்டர் எல்லாம் "மூடியது"ன்னு ஒரு வகை, எழுதினவங்க சம்மதம் இல்லாம திறக்கறதில்ல. இது என் முடிவு, குழு ஒப்புதலுக்கு வைக்கறேன்.

இதுவரைக்கும் 146 டிஸ்க் வகைப்படுத்தி முடிஞ்சிருக்கு. நாலு இன்ட்ரோவை என் லேப்டாப் ஆன்டிவைரஸ் வைரஸ்னு சொல்லி முழுங்கினதை வெளிய எடுத்தாச்சு.

கணக்கு: வரவும் செலவும் ஏறக்குறைய சரிக்குச் சரி. ரூம் வாடகை, போர்டு, ரெண்டு ஹார்ட் டிஸ்க், பொங்கல் செலவு, சில்லறை. கொஞ்சம் என் கையிலருந்து போயிருக்கு, எவ்வளவுன்னு இங்க எழுத விரும்பல, பொருளாளர் அண்ணனுக்குத் தெரியும், அவர் விவரமா படிப்பார்.

சந்தா: வருஷத்துக்கு 24 யூரோ. லிஸ்ட்ல 23 பேர், கட்டினவங்க 9 பேர். மாசம் ரெண்டு யூரோ, ஸ்டேஷன்ல ஒரு காபி கூட வராது. மூணு தடவை ஞாபகப்படுத்தினேன், நாலாவது தடவைக்கு ஒருத்தர் தம்ஸ் அப் போட்டார். இந்த நாட்டுல ஃபெராயின், அதாவது சங்கம், பதிவு பண்ண ஏழு பேர் வேணும், மூணு பேருக்குக் கீழ போனா கோர்ட் அந்தஸ்தை எடுத்துடும். அந்த நிலைமை வரலதான். ஆனா சனிக்கிழமை எத்தனை பேர் வர்றாங்கன்னு கோர்ட் எண்ண ஆரம்பிச்சா நாம எப்பவோ காலி.

நன்றி: தலைவருக்கு, பொருளாளர் அண்ணனுக்கு, பொங்கலுக்கு சமைச்ச அக்காங்களுக்கு, பெட்டி கொடுத்தவருக்கு, ரூம் சாவி கொடுக்கற ஹவுஸ்மாஸ்டருக்கு (கட்டடத்தைப் பாத்துக்கறவர்), என் வீட்டம்மாவுக்கு. அந்தத் தம்பிக்கும்தான், குறிப்பை டேட்டாபேஸா மாத்தித் தரேன்னு இப்ப அவரே வந்திருக்கார்.

அடுத்த வருஷம் நான் செயலாளரா நிக்கறதா இல்லையான்னு இன்னும் முடிவு பண்ணல. வேற யாராவது வந்தா சந்தோஷமா ஒப்படைப்பேன், பெட்டி ரெண்டும் எங்க வீட்டு பால்கனி ரூம்லதான் இருக்கு, எப்ப வேணா வந்து தூக்கிட்டுப் போகலாம், லிஃப்ட் இல்ல, மூணாவது மாடி. நானே தொடரணும்னா ஒண்ணே ஒண்ணு: ஜெர்மன் கையெழுத்து படிக்கத் தெரிஞ்ச ஒருத்தர், மாசத்துல ரெண்டு சனிக்கிழமை. லேபிள் எல்லாம் பென்சில்ல எழுதினது, அழிஞ்சுக்கிட்டே வருது.

இப்படிக்கு,
செயலாளர்

பி.கு.: நவம்பர்ல ரூம்லருந்து அமிகா பவர் சப்ளையை எடுத்துட்டுப் போனவங்க திருப்பி வச்சுடுங்க, யாருன்னு கேக்க மாட்டேன்.