பாதியில் எழுந்து போனவனின் நன்றி மடல்

அன்புடையீர், வணக்கம்.

என் அச்சுப் படங்களும் அவற்றோடு ஒலித்த நாற்பது நிமிட இசையும் இடம்பெற்ற முதல் கண்காட்சி கடந்த வாரம் நிறைவடைந்தது. வாசலில் இருந்த அறிமுகப் பலகையில் என் பெயருக்குக் கீழே ‘இசைக்கலைஞர், இசைத் தயாரிப்பாளர், ஓவியர்’ என்று எழுதியிருந்தார்கள். அதைப் படித்தவர்கள், மூன்றையும் நான் திட்டமிட்டுக் கற்றுத் தேர்ந்தேன் என்று நினைத்திருக்கக்கூடும். உண்மையில், ஒவ்வொன்றிலிருந்தும் நான் பாதியில் எழுந்து போனவன். அப்படிப் போனபோது, கோபப்பட எல்லா நியாயமும் இருந்தும் கோபப்படாமல் எனக்கு உதவியவர்களுக்கே இந்த மடல்.

முதலில் என் இசைக்குழு நண்பர்கள். பதினோரு ஆண்டுகள் பேஸ் கிட்டார் வாசித்தேன். மேடையில் என் இடம் எப்போதும் டிரம்ஸுக்குப் பக்கத்தில், சிம்பலை எட்டித் தொடும் தூரத்தில். ஒருநாள் நிகழ்ச்சி முடிந்து படுத்த பிறகும் காதுக்குள் ‘கீ’யென்ற ஒலி நிற்கவில்லை, மறுநாளும் நிற்கவில்லை. 85 டெசிபல் ஒலியை நாளொன்றுக்கு 8 மணி நேரத்துக்கு மேல் கேட்கலாகாது என்பதும், அதற்கு மேல் கூடும் ஒவ்வொரு 3 டெசிபலுக்கும் அந்த நேரம் பாதியாகக் குறைந்து 100 டெசிபலில் வெறும் 15 நிமிடமாகிவிடும் என்பதும், உட்செவியில் அழிந்துபோன நுண்மயிர்ச் செல்கள் மீண்டும் வளர்வதில்லை என்பதும் காது மருத்துவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். ஒப்புக்கொண்ட நிகழ்ச்சிகள் வரிசையாகக் காத்திருக்க, நான் விலகினேன். என் இடத்துக்கு இன்னொருவரைப் பழக்கும் சுமை டிரம்ஸ் வாசித்த அண்ணன் தலையில் விழுந்தது. அவரோ எனக்கு ஒரு ஜோடி காதடைப்பான் வாங்கித் தந்ததோடு, தமக்கும் ஒன்று வாங்கிக்கொண்டார். அதைப் பழைய பிலிம் சுருள் டப்பா ஒன்றில் போட்டுச் சட்டைப்பையில் வைத்திருப்பார். இன்றும் அவர் நடந்து வந்தால் அது கடகடவென்று ஒலிக்கும்.

காதில் இரைச்சல் உள்ளவனை ஒலிப்பதிவுக் கூடத்தில் சேர்த்துக்கொள்ள யாருக்கும் துணிவு வராது. மூத்த ஒலிப்பொறியாளர் ஒருவருக்கு வந்தது. பதிவான ஒலிகளைக் கலந்து சமன்செய்யும் மிக்சிங் வேலையை அவர் செய்யும்போது பக்கத்தில் உட்கார்ந்து இருவர் சாதாரணமாகப் பேசிக்கொள்ளலாம். ஸ்பீக்கரின் ஒலி அந்த அளவைத் தாண்டாது. ஒலியளவுத் திருகில் ஒரு துண்டு நாடாவை ஒட்டி, “இதைத் தாண்டாதே. சத்தமா வெச்சா எல்லாப் பாட்டும் நல்லாத்தான் இருக்கும்” என்றார். குறைந்த ஒலியில் பேஸ் ஒலிகளும் உச்ச ஒலிகளும் நம் காதுக்கு மங்கலாகவே எட்டும் என்று ஃபிளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆய்வாளர்கள் 1933-இல் அளந்து காட்டியிருந்ததைப் பிற்பாடு படித்தேன். சத்தத்தைக் கூட்டியவுடன் கலவை திருந்திவிட்டதாகத் தோன்றுவதும் அதனால்தான். அவர் அந்த ஆய்வைப் படித்தாரா என்று கேட்டதில்லை. அந்த நாடாத் துண்டு மட்டும் என்னோடு மூன்று கூடங்களுக்கு வந்துவிட்டது.

தயாரிப்பாளராக இருந்த ஆண்டுகளைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒன்பது பாடல்களின் பதிவு முழுவதும் இருந்த ஹார்ட் டிஸ்க் ஓர் இரவில் செத்துப்போனது. வேலையைக் கொடுத்த நிறுவனம், பிரதி எடுத்து வைப்பது தன் பொறுப்பில்லை என்று கைவிரித்துவிட்டது. இரவுப் பணியிலிருந்த உதவியாளர் ஒருவர் யாரும் கேட்காமலே, ஒவ்வொரு டிராக்கையும், அதாவது கருவிக்கும் குரலுக்கும் தனித்தனியாக எடுத்த பதிவுகளை, தம் சொந்த டிஸ்க்கில் படியெடுத்து வைத்திருந்தார். “தேவைப்படாதுன்னுதான் நினைச்சேன்” என்று சற்றுக் கூச்சத்தோடு அதை நீட்டிய அந்தத் தம்பிக்கு, அன்று நன்றி சொல்லவும் எனக்கு வாய் வரவில்லை. இங்கே சொல்கிறேன்.

அந்த ஒன்பது பாடல்களுக்கு அட்டைப்படம் போடப் பணம் மிஞ்சவில்லை என்பதால்தான் சில்க் ஸ்கிரீன் அச்சுப் பட்டறையின் படியேறினேன். இருட்டில் திரைத்துணிமேல் எமல்ஷனைப் பூசிக் காயவைத்து வெளிச்சம் காட்டினால், ஒளி பட்ட இடம் கெட்டியாகிவிடும். படாத இடம் தண்ணீரில் கரைந்து, மை இறங்க வழிவிடும். ஒவ்வொரு வண்ணத்துக்கும் ஒரு திரை என்று கேட்டதும், “அட, இதுவும் டிராக்தானே!” என்றேன். பட்டறையை நடத்திய அம்மா சிரிக்கவில்லை. “டிராக்கை அழிச்சிட்டு மறுபடி வாசிப்பீங்க. தாள்ல விழுந்த மையை எங்கே அழிக்கிறது?” என்று கேட்டார். முதல் அட்டையில் இரண்டாம் வண்ணத்தை 1 மில்லிமீட்டர் விலக்கி அடித்து அறுபது தாள்களில் நாற்பதைப் பாழாக்கிய பிறகே அந்தக் கேள்வி எனக்கு உறைத்தது. அந்த நாற்பதையும் அவர் எறியவில்லை. திருப்பிப் போட்டு, அடுத்த வேலைகளுக்கு மை பதம் பார்க்க வைத்துக்கொண்டார். நடுவில் நான் மீண்டும் இசைக்கென்று போய் இரண்டு ஆண்டுகள் கழித்துத் திரும்பியபோது, என் திரைகள் என் பெயர்ச் சீட்டோடு அதே அடுக்கில் தூசியின்றி இருந்தன.

கண்காட்சியின் கரு, ஓய்வுபெற்ற இயற்பியல் ஆசிரியர் ஒருவர் இரவல் தந்த பித்தளைத் தகட்டிலிருந்து வந்தது. தகட்டின்மேல் மணலைத் தூவி அதன் விளிம்பில் வயலின் வில்லை இழுத்தால், அதிராத கோடுகளில் மட்டும் மணல் ஒதுங்கிக் கோலமாக நிற்கும். ஜெர்மானிய ஒலியியல் அறிஞர் எர்ன்ஸ்ட் கிளாட்னி 1787-இல் வெளியிட்ட சோதனை இது. அவர் சட்டம் படித்தவர். பல்கலைக்கழகப் பதவி எதுவும் இல்லாமல், தாமே உருவாக்கிய இசைக்கருவிகளோடு ஐரோப்பாவில் ஊர் ஊராகச் சென்று இதைச் செய்து காட்டிப் பிழைத்தவர். 1809-இல் நெப்போலியன் முன்னிலையிலும் காட்டினார். (நடுவில் விண்கற்களைப் பற்றியும் ஒரு நூல் எழுதிவிட்டார். அதைப் படித்தபோது எனக்கு ஏற்பட்ட ஆறுதலை என்னவென்று சொல்ல!) அந்த மணல் கோலங்களே என் படங்களாயின, வில் எழுப்பிய ஒலிகளே அந்த நாற்பது நிமிட இசையாயின. தகட்டை நான் இன்னும் திருப்பித் தரவில்லை என்பதை ஐயா நினைவூட்டாமல் இருக்கிறார், அதற்கும் நன்றி.

வருமானம் இல்லாத மாதங்களில் வாடகையைக் கட்டிவிட்டு அதைப் பற்றி ஒரு சொல்லும் பேசாத அக்காவுக்குத் தனியே எழுதியிருக்கிறேன்.

பட்டறையில் மிஞ்சியிருந்த அந்தப் பிசகிய தாள்களை வாங்கி வந்திருக்கிறேன். உங்கள் ஒவ்வொருவருக்கும் ஒன்று இந்த வாரம் தபாலில் வரும். பின்பக்கம் யார் யாருடைய வேலைகளுக்கோ பதம் பார்த்த மைக்கறைகள் இருக்கும். சட்டம் போடுவதானால் எந்தப் பக்கம் வெளியே தெரிய வேண்டும் என்பதை நீங்களே முடிவு செய்துகொள்ளுங்கள்.

நன்றியுடன்,
உங்கள் பழைய பேஸ் கிட்டார்க்காரன்