பெட்டிக்குள் பதினோரு எலி

தெலுக் இந்தான், மலேசியா,
ஞாயிற்றுக்கிழமை.

அன்புள்ள அம்மாவுக்கு,

செல்வி கையெழுத்தில் உன் கடிதம் வந்தது. மூன்று மாதமாக எழுதவில்லை என்று கோபப்படாதே. வேலை, வேறொன்றும் இல்லை. பணத்துக்கும் குறைவில்லை, இந்த மாதம் மட்டும் பத்து நாள் தள்ளி அனுப்புகிறேன்.

எண்ணெய் எடுக்கும் செம்பனையில் குலை வெட்டுவதோடு இப்போது கூகைப் பெட்டி பார்க்கும் வேலையும் கொடுத்திருக்கிறார்கள். ஆந்தையா என்று பதறாதே. எலிகள் செம்பனைப் பழத்தைக் கடித்து நாசம் பண்ணுகின்றன. ஒரு ஜோடி கூகை, குஞ்சுகளோடு சேர்ந்து வருஷத்துக்கு 1000 எலிக்கு மேல் தின்றுவிடும். அதனால்தான் கம்பம் நட்டு மரப்பெட்டி வைத்துக் குடியமர்த்துகிறார்கள். அஞ்சலைப் பாட்டி மட்டும் அது கத்தினால் எனக்கு உப்பு சுற்றிப் போடுகிறார்.

போன வாரம் ஏணியில் ஏறி ஒரு பெட்டியைத் திறந்தேன். முட்டைமேல் இருந்த தாய் உஸ்ஸென்று சீறியது. பக்கத்தில் 11 எலிகள் குவிந்து கிடந்தன, ஒன்றிரண்டுக்குத் தலையில்லை. வாடை குடலைப் புரட்டியது. எல்லாம் ஆண் கூகை கொண்டுவந்து போட்டவை. தாய் அடைகாக்கும்போதும், குஞ்சு சின்னதாக இருக்கும்போதும்தான் இப்படிச் சேர்க்குமாம். எலி மலிந்த இடத்தில் குவியல் பெரிதாகும். கூகையின் இறகு மழை தாங்காது, நனைந்தால் வேட்டை சரிப்படாது. அந்த ராத்திரிக்கு இந்தக் கையிருப்பு. குஞ்சுகள் வளர்ந்துவிட்டால் எவ்வளவு கொண்டுவந்தாலும் மிஞ்சாது. இந்தப் புழுக்கத்தில் அதிக நாள் வைக்கவும் முடியாது, அழுகிவிடும்.

நம் வீட்டுக் காக்கா தோசைத் துண்டை ஓட்டுக்கடியில் செருகுமே, வேறொரு காக்கா பார்த்துவிட்டால் பிடுங்கிக்கொண்டு பறக்குமே, அது ஞாபகம் வந்தது. அப்புறம் அடுப்படி, நீ, எல்லாம்.

சாயங்காலமானால் இங்கே மழை கொட்டுகிறது. நாங்கள் தங்கும் லயத்துத் தகரக் கூரையில் அந்தச் சத்தம் கேட்டால் தூக்கம் வருவதில்லை. நீ கொடுத்தனுப்பிய நார்த்தங்காய் ஊறுகாயில் இரண்டு துண்டு மிச்சம். தொடாமல் வைத்திருக்கிறேன்.

சரி, அப்பாவின் கண் ஆபரேஷனைத் தள்ளிப்போடாதே. திருமயத்து வரன் வீட்டாரிடம் ஆறு பவுனுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். மாமாவையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு பேசு. நகைக்கடன் ரசீதைச் செல்வியிடம் கொடுத்து வை, பங்குனிக்குள் வட்டி கட்டிவிடலாம். வெள்ளாடு குட்டி போட்டதா? பெட்டைக்குட்டி என்றால் விற்காதே.

இப்படிக்கு,
உன் மகன்
முருகேசன்