தண்ணீர்ப்பந்தலில் ஈரத்துண்டும் இருக்கட்டும்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பினாங்கில் தண்ணீர்மலைக்குச் செல்லும் வழியில், தைப்பூசத்தன்று பல ஆண்டுகளாகத் தண்ணீர்ப்பந்தலில் தொண்டு செய்து வருகிறேன். சென்ற முறை கண்டதைப் பிற பந்தல்காரர்களும் அறியவேண்டும் என்பதால் இதை எழுதுகிறேன்.

பகல் பதினொரு மணியிருக்கும். பால்குடம் சுமந்து வந்த ஒருவர் எங்கள் பந்தலருகே தள்ளாடினார். உடன் வந்த தம் தங்கையைப் பார்த்தே "நீ யாரு?" என்று கேட்டார். அருள் வந்துவிட்டது என்று எண்ணிச் சிலர் திருநீறு பூசினர்; ஒருவர் மோரை வாயருகே கொண்டுபோனார். வேட்டி வியர்வையில் தொப்பலாக நனைந்திருந்ததால் எனக்கும் வேறு எண்ணம் வரவில்லை. கூட்டத்திலிருந்த தாதி ஒருவர்தான் அவர் கழுத்தைத் தொட்டுப் பார்த்து, "வாயில் எதுவும் ஊற்றாதீங்க, உடம்பில் ஊற்றுங்க" என்று சத்தமிட்டார். நிழலில் படுக்கவைத்து, குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றி விசிறினோம். மோருக்காக வாங்கிய ஐஸ் கட்டிகளைத் துண்டில் சுற்றிக் கழுத்திலும் அக்குளிலும் தொடையிடுக்கிலும் வைத்தோம். ஆம்புலன்ஸ் வருவதற்குள் தங்கையின் பெயரைச் சொல்லி அழைத்தார்.

அவருக்கு வந்தது வெப்பத் தாக்கம் (ஹீட் ஸ்ட்ரோக்), அதாவது உடற்சூடு கட்டுமீறி ஏறும் நிலை. அது வந்தால் வியர்வை நின்று தோல் உலர்ந்துவிடும் என்றே நம்மில் பலர் நம்புகிறோம். உழைப்பாலும் நெடுநேர நடையாலும் வரும் வெப்பத் தாக்கத்தில் வியர்வை கொட்டிக்கொண்டே இருக்கலாம். நம் ஊர்க் காற்றில் ஈரப்பதம் மிகுதி என்பதால் அந்த வியர்வை எளிதில் ஆவியாவதில்லை. ஆவியாகாத வியர்வை உடலைக் குளிர்விப்பதுமில்லை. உடலின் உட்சூடு 40 டிகிரி செல்சியசைத் தாண்டும்போது மூளை தடுமாறுகிறது. வெறும் தலைச்சுற்றலும் தசைப்பிடிப்பும் என்றால் நிழலும் உப்பிட்ட மோரும் பெரும்பாலும் போதும். ஆனால் பேச்சு குழறினாலோ ஆள் அடையாளம் தெரியாமற்போனாலோ மலேசிய அவசர உதவி எண்ணான 999-ஐ அழைத்துவிட்டு, அந்த இடத்திலேயே குளிர்விக்கத் தொடங்கவேண்டும். நெரிசலில் ஆம்புலன்ஸ் வந்துசேரும்வரை காத்திருந்தால் உயிரே போகலாம். இது கிருமியால் வரும் காய்ச்சல் அன்று என்பதால் பாராசிட்டமால் உதவாது. அருளா, மயக்கமா என்ற ஐயம் எழுந்தாலும் முதலில் உடலைத் தொட்டுப் பாருங்கள். குளிர்ந்த நீர் ஊற்றுவதால் எந்த நேர்த்திக்கடனுக்கும் குறை வந்துவிடாது.

காவடி எடுப்போருக்கும் ஒன்று சொல்லவேண்டும். விரதத்தில் உணவைக் குறைக்கிறோம், சரி. தண்ணீரையும் சேர்த்துக் குறைப்பது ஆபத்து. இரத்த அழுத்தத்துக்காகச் சிறுநீர் போக்கும் மாத்திரை உட்கொள்வோரும் நீரிழிவு உள்ளவர்களும் விரதம் தொடங்குமுன் மருத்துவரைக் கேட்பது அவசியம். வெயில் ஏறுமுன், விடியலிலேயே புறப்படுவது யாவர்க்கும் நல்லது.

பந்தல் அமைப்பவர்கள் சிரப்புக்கும் பிஸ்கட்டுக்கும் நன்கொடை திரட்டும்போது, பானத்துக்கென்று தொடாத ஒரு பெட்டி ஐஸ், ஒரு டஜன் துண்டு, மின்கலத்தில் ஓடும் ஒரு விசிறி, பந்தலின் பின்புறம் ஓர் ஆள் படுக்க நிழலான இடம் ஆகியவற்றையும் பட்டியலில் சேர்க்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஆலய நிர்வாகத்தினரும் முதலுதவி தெரிந்தவர்களைக் கொண்டு, தைப்பூசத்துக்கு முந்தைய வாரத்தில் ஒரு மாலைப்பொழுது தொண்டர்களுக்குப் பயிற்சி அளித்தால் பேருதவியாக இருக்கும்.

இங்ஙனம்,
தண்ணீர்ப்பந்தல் தொண்டர்,
பினாங்கு