தொட்டில் கழற்றிய பிறகு

பாளையங்கோட்டை,
மே மாதக் கடைசி.

அன்புள்ள தோழிக்கு,

உன் கடிதம் கிடைத்தது. மகனுக்கு டயப்பர் வாங்கும் செலவு நின்றது, ராத்திரி முழுத்தூக்கம் கிடைக்கிறது, அலுவலகத்தில் இருந்தபடி போன் போட்டு "பால் குடித்தானா" என்று கேட்கும் வேலை ஒழிந்தது என்று நல்ல சேதியாகவே எழுதிக்கொண்டு வந்தவள், கடைசிப் பக்கத்தில் "ஆனாலும் மனசு ஒரு மாதிரி இருக்கிறது, யாரிடமும் சொல்ல முடியவில்லை" என்று முடித்திருக்கிறாய். என்னிடம் சொன்னாயே, எனக்கு அதில் சந்தோஷம். இங்கேயும் அதே நிலைமைதான். அதனால் இந்தக் கடிதம் கொஞ்சம் நீளும்.

எங்கள் வீட்டில் போன மாதம் தொட்டிலைக் கழற்றினோம். என் மகள் அதில் தூங்குவதை விட்டு எவ்வளவோ காலம் ஆயிற்று. கம்பும் பழைய சேலையும் கொக்கியில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தன. அவள் ஓடிவந்து ஆட்டும்போதெல்லாம் வெறும் தொட்டிலை ஆட்டக்கூடாது என்று அத்தை அதட்டுவார்கள். வெள்ளையடிக்க ஆள் வந்ததும் கழற்றித்தான் ஆகவேண்டும் என்றாகிவிட்டது. தொட்டில் போடும்போது பஞ்சாங்கம் பார்த்து, நல்ல நேரம் குறித்து, சொந்தபந்தத்தைக் கூப்பிட்டுச் சாப்பாடு போட்டோம். பல் முளைத்தபோது பல் கொழுக்கட்டை செய்தோம். காது குத்தும்போது தாய்மாமன் மடியில் உட்கார வைத்தோம். ஆனால் தொட்டிலைக் கழற்ற யாரும் நாள் பார்ப்பதில்லை. வெள்ளையடிக்கிற தம்பி "இதை எங்கக்கா வைக்க?" என்று கேட்டான். பரண்மேல் வை என்றேன். வேலை முடிந்தது.

அன்று ராத்திரி எனக்குத் தூக்கமே இல்லை.

பிறந்த புதிதில் உச்சிக்குழி துடிக்குமே, நினைவிருக்கிறதா? எண்ணெய் வைக்கும்போது விரலுக்கு அடியில் அது ஏறி இறங்குவதைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்கும். ஒன்றரை வயதுவாக்கில் மூடிக்கொள்ளும் என்று டாக்டர் சொல்லியிருந்தார். மூடவும் செய்தது. ஆனால் அதற்குள் அவள் நடக்க ஆரம்பித்து, படியேறி, அடுப்புப் பக்கம் கை நீட்டி, வாசலைத் தாண்டி ஓடுகிறவளாகிவிட்டாள். பின்னால் ஓடவே பொழுது சரியாக இருந்தது. உச்சியை யார் தொட்டுப் பார்த்தார்கள்? ஒரு பருவம் முடிகிற நேரத்தில் அடுத்த பருவம் நம்மைப் பிடித்து இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. நின்று அனுப்பி வைக்க நேரம் கிடைப்பதில்லை.

நீ எழுதியதில் என்னை மிகவும் வருத்தியது ஒரு வரிதான். "அவன் குழந்தையாக இருந்ததையே நான் பார்க்கவில்லை போல இருக்கிறது" என்ற வரி. அதைப் பற்றித்தான் உன்னிடம் விரிவாகச் சொல்ல வேண்டும்.

வகுப்பில், கடவுளையோ பெரியவர்களையோ குழந்தையாக வைத்துப் பாடும் பிள்ளைத்தமிழ் நடத்தும்போது பருவங்களின் மாதக் கணக்கைப் பலகையில் எழுதிப் போடுவேன். குழந்தையின் 3-ஆம் மாதத்தில் தொடங்கி 21-ஆம் மாதம் வரை, ஒற்றைப்படை மாதமாகப் பாடச் சொல்கிறது பாட்டியல் என்னும் செய்யுள் இலக்கணம். காப்பு 3, செங்கீரை 5, தால் 7, சப்பாணி 9, முத்தம் 11, வருகை 13, அம்புலி 15. அதற்கு மேல் ஆண்பிள்ளைக்குச் சிற்றில், சிறுபறை, சிறுதேர். பெண்பிள்ளைக்கு அம்மானை, நீராடல், ஊசல். பத்துப் பருவத்தோடு பாட்டு முடிந்துவிடும். இந்த வருஷம் அதைப் பலகையில் எழுதும்போது உன் நினைப்பு வந்தது. உனக்குக் கிடைத்த விடுப்பு 26 வாரம். 2017-இல் சட்டத்தைத் திருத்தி 12 வாரத்தை 26 ஆக்கினார்கள். நல்லதுதான். ஆனால் பிரசவத்துக்கு முன்பே சில வாரம் போய்விட்டது. அவன் ஒரு காலை மடக்கி, இரண்டு கையையும் ஊன்றித் தலையை ஆட்டுகிற செங்கீரைப் பருவத்தில் நீ மறுபடி பையைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டாய். கை தட்டியதும், ஈரமாக முத்தம் கொடுத்ததும், முதல் அடி வைத்ததும் பொள்ளாச்சியில் உன் அம்மா கண்ணெதிரில் நடந்தது. அரசுப் பள்ளி ஆசிரியை என்பதால் எனக்கு ஒரு வருஷம். 2021 ஜூலையில் இருந்துதான் ஒன்பது மாதம் பன்னிரண்டானது, அது எனக்கு வாய்த்தது. அப்படியும் அவள் நடந்தது நான் வேலைக்குத் திரும்பிய பிறகுதான். முதல் அடியைப் பார்த்தவர்கள் அத்தை. சாயங்காலம் நான் வந்ததும், எனக்காக இன்னொரு தடவை நடக்கச் சொல்லி அவளைக் கெஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

ஆறு மாதம் தாய்ப்பால் மட்டும் கொடு, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் தொடர்ந்து கொடு என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. சட்டம் அந்த முதல் ஆறு மாதத்தை மட்டும் கொடுத்துவிட்டு நின்றுவிடுகிறது. குழந்தை நம் முகத்தைப் பார்த்துச் சிரித்துப் பழகி, நம்மைத் தேட ஆரம்பிக்கும் நேரத்தில் நம்மைக் கூப்பிட்டுக்கொள்கிறார்கள். இதில் உன் மேல் என்ன குறை? நீ அதைச் சுமக்க வேண்டாம்.

எங்கள் வீட்டு விஷயத்துக்கு வருகிறேன். அவள் வளர்ந்தது எங்கள் மூன்று பேருக்கும் மூன்று விதமாக இருக்கிறது. அவர் கைக்குழந்தையைத் தூக்கவே பயந்தவர். கழுத்து நிற்கும் வரை மடியில் வாங்கிக்கொள்ளவே மாட்டார். இப்போது பார்க்கணும் நீ. ஸ்கூட்டரில் முன்னால் நிறுத்திக்கொண்டு தாமிரபரணிக் கரைக்குப் போகிறார், மருத மரத்தைக் காட்டுகிறார், கேள்விக்கெல்லாம் பொறுமையாகப் பதில் சொல்கிறார். "இப்பத்தான் என் பிள்ளை எனக்குக் கிடைச்சிருக்கா" என்றார் ஒரு நாள். நான் இழந்துவிட்டதாக ஏங்கிய அதே நாட்களில் அவருக்கு ஒரு மகள் வந்து சேர்ந்திருக்கிறாள். முதலில் அதைக் கேட்கவே எனக்குக் கஷ்டமாக இருந்தது. இப்போது அவர்கள் இருவரும் சிரித்துக்கொண்டு வாசலில் வந்து இறங்குவதைப் பார்க்கும்போது மனசு நிறைகிறது.

அத்தைக்குத்தான் இது பெரிய அடி. தினம் காலை நீட்டி உட்கார்ந்து, கால்மேல் போட்டு எண்ணெய் தேய்த்து, வெந்நீர் ஊற்றி, சாம்பிராணி காட்டி, உரைமருந்து உரசிக் கொடுத்து வளர்த்தவர்கள். மூட்டுவலியோடு செய்தார்கள். இப்போது அவள் "நானே குளிப்பேன், ஆச்சி வெளிய போ" என்று கதவைச் சாத்துகிறாள். சட்டைப் பொத்தானும் அவளே போடுகிறாள். "இனி இவளுக்கு நான் எதுக்கு?" என்று கேட்டார்கள், கோபமே இல்லாமல். அம்மாவின் ஏக்கத்தைப் பற்றி எல்லோரும் பேசுகிறோம், வளர்த்த பாட்டிமாரைப் பற்றி யார் பேசுகிறார்கள்? நமக்காவது பிள்ளை நம்மோடே வளரும். அவர்களுக்கு, கையில் இருந்த வேலையும் போய், கூடவே கழிக்க வேண்டிய வருஷங்களும் குறைந்துகொண்டு வருகிறது.

அப்புறம் நீ கேட்டிருந்த முக்கியமான விஷயம். இரண்டாவது குழந்தை. "மடி காலியாக இருக்கிறது, இன்னொன்று பெற்றுக்கொண்டால் சரியாகிவிடுமா" என்று கேட்டாய். இங்கேயும் கோயிலில், கல்யாண வீட்டில், பார்க்கிறவர்கள் எல்லாம் அதைத்தான் கேட்கிறார்கள். நான் நன்றாக யோசித்துப் பார்த்தேன். எனக்கு வேண்டியது இன்னொரு குழந்தை இல்லை. அந்தக் குழந்தைதான் வேண்டும். என் தோளில் எச்சில் வழியத் தூங்கியவள், வசம்பும் பாலும் கலந்த வாசனையோடு இருந்தவள், இவளேதான், ஆனால் இவள் இல்லை. இரண்டாவதாக ஒரு பிள்ளை வந்தால் அது தன் முகத்தோடும் தன் குணத்தோடும் வரும். தான் வேறொருவருக்குப் பதிலாக வந்தவன் என்று எந்தப் பிள்ளையும் நினைக்கக்கூடாது. உனக்கு இரண்டாவது வேண்டும் என்று ஆசை இருந்தால் தாராளமாகப் பெற்றுக்கொள், அதற்கும் அதே 26 வாரம் உண்டு. ஆனால் மகனுடைய அந்த விட்டுப்போன மாதங்களைத் திரும்ப வாங்குவதற்காகப் பெற்றுக்கொள்ளாதே. இதை வேறு யாரும் உன்னிடம் சொல்லமாட்டார்கள் என்பதால் நான் சொல்கிறேன்.

நல்லதும் எவ்வளவோ இருக்கிறது. போன வாரம் பஸ்ஸில் திருநெல்வேலி சந்திப்பு வரை போனோம். ஐந்து வயது வரை அரசு பஸ்ஸில் டிக்கெட் இல்லை. இவள் கண்டக்டரிடம் "எனக்கு நாலு வயசு, நான் பெரிய பிள்ளை, எனக்கும் டிக்கெட் குடுங்க" என்று கையை நீட்டிக்கொண்டு நிற்கிறாள். அவர் கீழே கிடந்த ஒரு பழைய டிக்கெட்டை எடுத்து மடித்துக் கொடுத்தார். வீடு வரும் வரை கையைத் திறக்கவே இல்லை. கைக்குழந்தையிடம் இந்தக் கம்பீரம் ஏது?

இப்போது ராத்திரி படுத்ததும் ஒரு புதுப் பழக்கம். "நான் பாப்பாவா இருந்தப்ப என்ன செஞ்சேன், சொல்லு" என்பாள். நான் சொல்லச் சொல்ல வாயைப் பிளந்து கேட்கிறாள். மூன்று, மூன்றரை வயதுக்கு முந்தியது எதுவும் பெரும்பாலும் யாருக்கும் ஞாபகம் நிற்பதில்லை. அவளுக்கு அந்தக் குழந்தையைத் தெரியாது. நான் சொன்னால்தான் தெரியும். எனக்குத் தெரியாததை அத்தையைக் கூப்பிட்டுச் சொல்லச் சொல்கிறேன். முதல் அடி வைத்த கதையை அத்தை எழுந்து நின்று நடித்தே காட்டினார்கள். அவர் தன் பங்குக்கு, ஆஸ்பத்திரி வராந்தாவில் துணியில் சுற்றி யாரோ கையில் கொடுத்ததும் தனக்குக் கால் நடுங்கியதைச் சொன்னார். அதை அவர் என்னிடம்கூட அதுவரை சொன்னதில்லை.

நீ பார்க்காத மாதங்கள் உன் அம்மாவிடம் இருக்கின்றன. மகனை மடியில் வைத்துக்கொண்டு கேள். முதலில் எதைப் பிடித்து எழுந்து நின்றான், எந்தப் பாட்டுக்குத் தூங்கினான், சாயங்காலம் நீ வரும் நேரம் தெரிந்து வாசலைப் பார்த்தானா என்று எல்லாம் கேள். அம்மாவுக்கு வயதாகிறது, தள்ளிப்போடாதே. முடிந்தால் ஒரு நோட்டில் எழுதி வை. போனில் இருக்கும் படங்கள் ஆயிரம் இருந்தாலும் அதில் இதெல்லாம் இருக்காது.

நெல்லையப்பர் கோயில் ஆனித் தேருக்கு இந்தத் தடவை கண்டிப்பாக வரவேண்டும். கோவையில் இருந்து நாகர்கோவில் போகும் ராத்திரி வண்டியில் ஏறினால் இங்கே இறங்கிவிடலாம். ஐந்து வயதுக்குள் என்பதால் மகனுக்கு டிக்கெட் வேண்டாம், தனிப் படுக்கை வேண்டுமென்றால் மட்டும் முழு டிக்கெட் எடுக்கணும். அம்மாவையும் கூட்டிக்கொண்டு வா. அத்தையிடம் இப்போதே சொல்லிவிட்டேன், அவர்கள் உன் அம்மாவோடு பேசுவதற்கு என்று ஒரு பெரிய பட்டியலே வைத்திருக்கிறார்கள். தேதி முடிவானதும் எழுது.

அன்புடன்,
உன் பழைய ஹாஸ்டல் அறைத்தோழி